லண்டனில் ஒரு விருது, ஒடென்சேயில் ஒரு சொல்

1

போன வெள்ளிக்கிழமை, இங்கே டென்மார்க்கில் ஒடென்சே நகரில், வேலை முடிந்து வரும் வழியில் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற டெனிஷ்காரி திரும்பிப் பார்த்தாள். அறுபது வயதிருக்கும். மழைக்கோட்டு, தோளில் துணிப்பை. என்னை எங்கேயோ கண்ட மாதிரி முகத்தைச் சுருக்கினாள். பிறகு கையிலிருந்த வெண்ணெய்க் கட்டியை வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, "ஓ...ம்" என்றாள்.

நான் சிரித்து வைத்தேன்.

"நீங்கள் லண்டன் மேடையிலை சேலையோடை நிண்ட ஆள்தானே? எங்கட யோகா வகுப்பிலை எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்து அழுதவை. அவர் எப்பிடி இருக்கிறார்?" என்று டெனிஷில் கேட்டாள்.

"சுகமா இருக்கிறார்."

"அந்த ஒரு சொல்லே அவருக்குப் போதும், என்ன? எங்களுக்குத்தான் சொல்லுக் கூடிப்போச்சு."

பாலை வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். ட்ராமில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் கூப்பிய கை கண்ணுக்கு முன்னால் நின்றது. நல்ல மனுசிதான். அவளிடம் என்னத்தை விளக்குவது? ஊரில் இருக்கும் உங்களுக்கென்றால் விளக்கத் தேவையில்லை. "சோறு போடட்டோ?" "ஓம்." "மழை விட்டிட்டுதோ?" "ஓம்." ஆம் என்பதற்கு நாங்கள் சொல்வது, அவ்வளவுதான் அந்தச் சொல். அதற்குள் தவமும் இல்லை, மோனமும் இல்லை. அது ஒரு கறுப்பின எழுத்தாளரின் வாயில் மிஞ்சிய ஒரே சொல்லாக எப்படி ஒட்டிக்கொண்டது, ஒட்டிக்கொண்டு எங்களை என்ன பாடு படுத்துகிறது என்பதை யாருக்காவது சொல்லவேண்டும் போல் இருந்தது. அதுதான் எழுதுகிறேன். லண்டனில் அவருக்கு அந்த விருது கிடைத்து இந்த மாதத்தோடு ஒரு வருடம்.

2

என் கணவர் பெயர் சாமுவேல். இவரைத்தான் கட்டப்போகிறேன் என்று நான் சொன்னபோது, இங்கே ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இருந்த என் அண்ணை ஊருக்குத் தொலைபேசி எடுத்துப் பெரியம்மாவிடம் சொன்னார். பெயரைக் கேட்டதும் பெரியம்மாவுக்குச் சந்தோஷம். எங்கள் ஊர் வேதக்காரப் பெடியன், கிறிஸ்தவன் ஒருவன் என்று நினைத்துவிட்டார்.

"எந்தப் பக்கத்துச் சாமுவேல்? உடுவிலோ, மானிப்பாயோ?"

"கானா, பெரியம்மா."

"அது எங்கை, மன்னாருக்கு அங்காலையோ?"

அண்ணை மூச்சை இழுத்துக்கொண்டு, "ஆபிரிக்கா," என்றார். பிறகு பெரியம்மா, "வேதக்காரர்தானே?" என்று கேட்டார். "ஓம்," என்றார் அண்ணை. அதோடு கலியாணப் பேச்சு முடிந்தது.

சாமுவேல் ஏழு வயதில் தாயோடு டென்மார்க்குக்கு வந்தவர். தாய்க்கு மேற்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. நான் பத்தொன்பது வயதில் அண்ணையிடம் வந்து சேர்ந்து மொழிப் பள்ளிக்குப் போனபோது, மாலை வகுப்புக்கு டெனிஷ் படிப்பிக்க வந்தவர் அவர். எழுத்தை நம்பிச் சோறு தின்ன முடியாத காலம். டெனிஷில் பாணுக்கு, அதுதான் ரொட்டிக்கு, சொல்லும் சொல்லின் கடைசி எழுத்து எனக்கு வரவே வராது. நாக்கை எங்கேயும் முட்டாமல் அப்படியே விட்டுவிடவேண்டும். நான் முட்டி முட்டிச் சொல்வேன். அவர் மேசை நுனியில் உட்கார்ந்து, "உங்கட நாக்கு நல்லாப் பாடுபடுது, ரஜனி. அதுதான் பிரச்சினை. டெனிஷ் கதைக்கிறதுக்கு நாக்குக் கொஞ்சம் சோம்பேறியா இருக்கவேணும்," என்றார். டெனிஷில்தான் சொன்னார். டெனிஷில் நடந்த பேச்சையெல்லாம் இந்தக் குறிப்பில் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்கிறது.

வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் டெனிஷ்தான் மொழி. எங்கள் மகள் நயோமிக்கு நான் தமிழில் சொல்வேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். அவர் தன் தாய்மொழியான துவியைத் தாய் இறந்ததோடு விட்டுவிட்டார். தமிழில் அவருக்குத் தெரிந்தது சோறு, மாமி, ஓம். இந்த மூன்றில் ஓம் அவருக்குப் பிடித்தது. அண்ணையோடு நான் தொலைபேசியில் கதைக்கும்போது, "ஓம்... ஓம்... ஓம் அண்ணை... ஓம் ஓம்," என்று அரை மணித்தியாலம் போகும். "ஒரே சொல்லிலை முழு நாடகத்தையும் முடிச்சிட்டாய்," என்பார். பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றினால் இரண்டு கையையும் தூக்கி, "ஓம்," என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சண்டை அதோடு சரி.

அவருடைய தொழில் தொலைக்காட்சி நாடகம் எழுதுவது. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நாடகம் என்றால் தேவாலயத்துக்குப் போகாதவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் ஒரு வழிபாடு மாதிரி. அதை ஒரு ஆள் எழுதுவதில்லை. ஒரு அறையில் நாலைந்து பேர் இருந்து எழுதுவார்கள். சாமுவேல் எந்த அறைக்குள் போனாலும் அங்கே கறுப்பராக அவர் ஒருவர்தான். பல வருடங்களாக அவருக்கு ஒதுக்கப்பட்டது இரண்டு வகை ஆட்கள். ஒருவன் போதைப்பொருள் விற்பான். மற்றவன் அவனைக் கண்டதாகப் பொலிசிடம் சொல்வான். "ரெண்டு பேரும் மூண்டாம் பாகத்திலை செத்துப்போவாங்கள், அதுக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை," என்பார்.

கடைசியில் அவர் தன் பெயரில் ஒரு நாடகம் எழுதினார். மேற்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலை. அங்கே வேலை செய்யும் ஒரு கறுப்பினத் தாய், அவளுடைய மூன்று பிள்ளைகள். யாரும் சுடப்படவில்லை, யாரும் பிடிபடவில்லை. வீட்டுக்குள் ஆட்கள் கதைப்பதுதான் முழுக்க. அதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் சமையலறையில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். ஒரு சொல் பிடிபடாமல் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அது கிடைத்த அன்று கடைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கி வருவார். நாடகம் ஓடிய அந்தக் குளிர்காலத்தில், நான் வேலை செய்யும் பல் வைத்திய நிலையத்தில் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் நோயாளிகள்கூட அந்தத் தாயைப் பற்றித்தான் கேட்பார்கள்.

3

ஐரோப்பாவில் தொலைக்காட்சி நாடகம் எழுதும் கறுப்பின எழுத்தாளர்களைக் கௌரவிக்க ஆண்டுதோறும் லண்டனில் ஒரு விருது கொடுக்கிறார்கள். இங்கே ஒருவருக்கும் அதன் பெயர் தெரியாது. அந்த வருடம் அது சாமுவேலுக்கு என்று செய்தி வந்தபோது அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிறுத்த மறந்து, கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"என்ன?" என்றேன்.

"என்னை மாதிரி ஆக்கள் முப்பது பேர் ஒரு அறையிலை இருக்கப்போயினம். நான் அப்பிடி ஒரு அறையிலை ஒருநாளும் இருந்ததில்லை," என்றார்.

வேலைத்தலத்தில் சொன்னேன். என்னோடு வேலை செய்பவள் முதலில் வாழ்த்தினாள். பிறகு, "ஆனா கறுப்பாக்களுக்கெண்டு தனியா ஏன்? நல்ல எழுத்து நல்ல எழுத்துத்தானே?" என்று கேட்டாள். நான் அதை வீட்டுக்கு வந்து சாமுவேலிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அந்தப் பிள்ளை கேக்கிறது சரி. நல்ல எழுத்து நல்ல எழுத்துத்தான். ஆனா எனக்குப் பிறகு இந்த நாட்டிலை இதை எழுத எத்தினை பேர் இருக்கினம் எண்டு அவவிட்டைக் கேட்டுப் பார்," என்றார். நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி என்னிடமே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

4

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் சமையலறையில் நின்று மேடையில் பேசப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று லீவு. பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வசனத்தின் நடுவில் நிறுத்தினார். சொல் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் தேடும்போது குறுக்கே போகக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அதனால் போகவில்லை. பிறகுதான் கதிரை விழுந்த சத்தம் கேட்டது.

மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் அடைத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கியது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மூன்றாம் நாள் நான் அவர் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, "சாம், என்னைத் தெரியுதோ?" என்று டெனிஷில் கேட்டேன். அவர் வாய் கோணி, நிறைய நேரம் பாடுபட்டு, "ஓம்," என்றார்.

நான் அழுதுகொண்டே ஓடிப்போய்த் தாதியைக் கூட்டி வந்தேன். "கதைச்சிட்டார். தமிழிலை கதைச்சிட்டார்." தாதி சந்தோஷப்பட்டு, "உங்களுக்கு வலி இருக்குதோ?" என்று கேட்டாள். "ஓம்." "வலி இல்லையோ?" "ஓம்." "இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையோ?" "ஓம்." தாதியின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அவள் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப் போனாள்.

பக்கவாதம் வந்த இந்த வருத்தத்தில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும் என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் விளக்கினார். அது எந்தச் சொல்லாகவும் இருக்கலாம், கெட்ட வார்த்தையாகவும் இருக்கலாம். அதற்குக் கருத்து இல்லை. வாய் திறந்தால் அது மட்டும்தான் வரும். உள்ளே எவ்வளவு விளங்குகிறது என்பதை இப்போது சொல்ல முடியாது.

நாற்பது வருடமாக அந்த மனிதரின் வாயில் இருந்தது டெனிஷ். அதற்கு முன்னால் துவி. இரண்டும் போய், விளையாட்டுக்குப் பொறுக்கிய என் சொல் மட்டும் மிஞ்சிக் கிடந்தது.

5

நான் லண்டன் போவதாக இருக்கவில்லை. அண்ணைதான் ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து வந்து, "நான் இவரோடை இருக்கிறன். நீ போய் அதை வாங்கிக்கொண்டு வா. அவர் பாடுபட்டதுக்கு ஒரு ஆள் அங்கை நிக்கவேணும்," என்றார். இங்கிலீசுக்காக நயோமியையும் கூட்டிப் போனேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. விமானத்தில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

மண்டபம் சிறியது. ஆனால் சாமுவேல் சொன்னது சரி. பாரிசில் இருந்து, லிஸ்பனில் இருந்து, ஸ்டாக்ஹோமில் இருந்து வந்த எழுத்தாளர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள், ஒருவர் வசனத்தை மற்றவர் முடித்தார்கள், பெரிதாய்ச் சிரித்தார்கள். இந்த அறைக்குள் அவர் நுழைந்திருந்தால் முதலில் கதவோரம் கொஞ்ச நேரம் நின்றிருப்பார் என்று நினைத்தேன். என் பக்கத்துக் கதிரையில் அவருடைய பெயர் அச்சிட்ட அட்டை இருந்தது. அதை எடுத்துவிடட்டுமா என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மேடையில் நயோமி எழுதித் தந்த இங்கிலீசைப் படிக்கத் தொடங்கினேன். இரண்டு வரிக்கு மேல் எழுத்துத் தெரியவில்லை. கண் மறைத்தது. தாளை மடித்துவிட்டு எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்: "ஆட்கள் எப்படிக் கதைப்பார்களோ அப்படி எழுதுகிறவர் என் கணவர். இப்போது அவரால் கதைக்க முடியாது. அவரிடம் ஒரு சொல்தான் இருக்கிறது. அது என் மொழிச் சொல். ஓம்." அதற்குப் பொருள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர்கள் எழும்பி நின்று கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் சொல்லவந்த மிச்சம் அதற்குள் அமுங்கிப் போனது.

அந்த அரை நிமிட வீடியோதான் டென்மார்க் முழுக்கச் சுற்றியது. ஆபிரிக்காவில் பிறந்த எழுத்தாளர் மௌனத்தில் புனிதச் சொல்லைக் கண்டடைந்தார் என்று ஒரு பத்திரிகையில் வந்தது. யோகா நிலையம் ஒன்றில் இருந்து பூங்கொத்து அனுப்பினார்கள். அண்ணை போகும் பெந்தெகொஸ்தே சபையில் மூப்பர் ஒருவர் அண்ணையைத் தனியே கூப்பிட்டு, தங்கச்சி ஏன் மேடையில் மந்திரம் சொன்னவ என்று கேட்டாராம்.

6

சாமுவேல் வீட்டுக்கு வந்தார். கொம்மூனவில் இருந்து ஒரு பெண் அலுவலர் வந்தார். இங்கே நகராட்சியைக் கொம்மூன என்பார்கள். வருத்தக்காரருக்கு எவ்வளவு உதவி, எத்தனை மணித்தியாலப் பயிற்சி என்று தீர்மானிப்பது அவர்கள். கனிவான பெண். சட்டப்படி உரியவரிடம்தான் முதலில் கேட்கவேண்டும் என்று சொல்லி, அவருக்கு நேரே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"நீங்களே உடுப்புப் போடுவீங்களோ?"

"ஓம்."

"தனியக் குளிப்பீங்களோ?"

"ஓம்," என்று இன்னும் தெளிவாகச் சொன்னார்.

அலுவலர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓம் எண்டா என்ன?"

"தமிழிலை ஆம் எண்டு கருத்து. ஆனா இவர் ஆம் எண்டு சொல்லேல்லை."

"ஆனா அந்தச் சொல்லுக்குக் கருத்து ஆம் எண்டுதானே?"

"சொல்லுக்குக் கருத்து அதுதான். இவருக்கு அதிலை கருத்தில்லை."

அவர் எதையோ பதிந்தார். அடுத்த சந்திப்புக்கு வரும்போது, கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அழைத்து வந்தார். சாமுவேல் டெனிஷில் பதில் சொல்லாமல் தமிழில் சொல்வதால், அவருடைய மொழியிலேயே கேட்பது அவரது உரிமை என்று விளக்கினார். மொழிபெயர்ப்பாளர் வைலேயில் இருந்து ரயிலேறி வந்திருந்தார். எங்கள் ஆள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். உள்ளே வந்து சாமுவேலைக் கண்டதும் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளில் பெயரைப் பார்த்தார்.

"தங்கச்சி, தமிழ் ஆள் எண்டுதானே எனக்குச் சொன்னவை?"

"இவர்தான் அண்ணை அந்தத் தமிழ் ஆள்."

அவர் தொழிலுக்கு வந்தவர். முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "ஐயா, உங்களுக்குத் தனியா எழும்பி நடக்க ஏலுமோ?" என்று தமிழில் கேட்டார். சாமுவேல் அவரைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "ஓம்," என்றார். மொழிபெயர்ப்பாளர் அலுவலரிடம் திரும்பி டெனிஷில், "ஆம் என்கிறார்," என்றார். சரியான மொழிபெயர்ப்பு. அதில் ஒரு பிழையும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருமுறை தொடங்கிய சிரிப்பு நிற்கவில்லை. குசினிக்குள் போய்த் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றேன். அது எப்போது அழுகையானது என்று தெரியாது. திரும்பி வந்தபோது மொழிபெயர்ப்பாளர் எழும்பி நின்றார். "தங்கச்சி, நான் கேட்டது எல்லாத்துக்கும் இதைத்தான் சொல்லுறார். நான் அவவுக்கு விளங்கப்படுத்திப் போட்டன். பில்லுப் போடேல்லை எண்டும் சொல்லிப்போட்டன்," என்றார். பேச்சுப் பயிற்சி கொஞ்சம் கூட்டித் தந்தார்கள். ஆனால் அவர் தமிழ் பேசுபவர் என்று கொம்மூனக் கணினியில் இருப்பதை இன்றுவரை என்னால் மாற்ற முடியவில்லை.

மிச்சப் பயிற்சி என்னுடைய பொறுப்பு. படங்களை வைத்துச் சொல் சொல்லிக் கொடுப்பேன். பாண் படத்தைக் காட்டி, அந்த நாசமாய்ப்போன கடைசி எழுத்தை என் நாக்கால் முட்டி முட்டிச் சொல்வேன். எனக்கு டெனிஷ் படிப்பித்த மனிதர், என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவர் கண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

நயோமி அந்த ஆண்டு விடுதிப் பள்ளிக்குப் போனாள். இங்கே இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு வருடம் அப்படிப் போவது வழக்கம்தான். ஆனால் அவள் வழக்கத்துக்காகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். பெட்டியைக் கட்டிக்கொண்டு, "அப்பா என்னைப் பார்த்து ஓம் எண்டு சொல்லேக்கை, நான் ஆர் எண்டு தெரிஞ்சு சொல்லுறாரோ, தெரியாமல் சொல்லுறாரோ?" என்று டெனிஷில் கேட்டாள். "தெரியாது பிள்ளை," என்றேன் தமிழில். "எனக்கு அதோடை ஒரு வீட்டிலை இருக்க ஏலாது," என்றாள். பெட்டியின் பூட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

7

மாசி மாதம் தயாரிப்பாளர் ஹென்றிக் வந்தார். கேக் கொண்டு வந்திருந்தார். கூட ஒரு இளம் எழுத்தாளர், வெள்ளைக்காரப் பெடியன், பெயர் மாட்ஸ். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தான். விசயம் இதுதான். நாடகத்தின் இரண்டாம் பருவத்தை எடுக்கவேண்டும். சாமுவேல் விழுமுன் முதல் பாகத்தை மட்டும் எழுதி முடித்திருந்தார். மிச்சத்தை மாட்ஸ் எழுதுவான். மூலக்கதை என்று சாமுவேலின் பெயர் வரும்.

ஹென்றிக் முழங்காலில் நின்று, சாமுவேலின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "உனக்குச் சம்மதமோ, சாமுவேல்?" என்று கேட்டார்.

"ஓம்."

ஹென்றிக்குக்குக் கண் கலங்கியது. என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தச் சொல்லின் நிலைமை தெரியும். தெரிந்தும், நான் தலையசைப்பேனா என்று பார்த்தார்.

"இதைக் கறுப்பின எழுத்தாளர் ஒருத்தர் எழுதக்கூடாதோ?" என்று கேட்டேன்.

"தேடினனாங்கள், ரஜனி. டெனிஷிலை இந்த அளவு நாடகம் எழுதின ஆள் வேறை இல்லை. ரெண்டு மூண்டு பிள்ளையள் வருகினம், ஆனா அவைக்கு இன்னும் காலம் வேணும்."

யோசிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் அமா தொலைபேசி எடுத்தாள். நாடகத்தில் தாயாக நடித்தவள் அவள். சாமுவேலைப் போலக் கானாவைச் சேர்ந்த குடும்பம்.

"அக்கா, எனக்கு நாப்பத்திநாலு வயசு. இந்தத் தாய்க்கு முதல் நான் நடிச்சதெல்லாம் ஆஸ்பத்திரியிலை நிலம் துடைக்கிற ஆள். இது நிண்டா திரும்பவும் அதுதான். நான் உங்களை நெருக்கேல்லை. ஆனா சொல்லாமல் இருக்கவும் ஏலேல்லை."

இரண்டு கிழமை அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். வேண்டாம் என்றால் அமாவின் வாழ்வு போகும், அவர் பிறப்பித்த தாயும் பிள்ளைகளும் அந்த மீன் தொழிற்சாலை வாசலிலேயே நின்றுபோவார்கள். சரி என்றால், அவர் ஒரு சொல்லுக்கு மூன்று நாள் காத்திருந்து கட்டிய வீட்டுக்குள் வேறொருவன் சப்பாத்தோடு ஏறுவான். அவரிடம் கேட்டேன். காலையில் கேட்டேன், சாப்பிட்ட பிறகு கேட்டேன், மாற்றி மாற்றிக் கேட்டேன். பதில் உங்களுக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சிக்குத் தந்த பச்சை அட்டையையும் சிவப்பு அட்டையையும் வைத்துக் கேட்டேன். இரண்டையும் தொட்டார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்காத மனிதருக்கு நோவும் இல்லை. இருப்பவர்களுக்காக முடிவெடுக்கவேண்டியதுதான். ஹென்றிக்குக்குத் தொலைபேசி எடுத்து, "சரி, எழுதட்டும்," என்றேன். அது என்னுடைய ஆம்.

8

பங்குனி கடைசியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் அமா வந்தாள். முதல் பாகத்தைச் சாமுவேல் எழுதியபடியே படம்பிடிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் ஒருமுறை அவர் முன்னிலையில் சொல்லிக் காட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை. நயோமியும் அந்தக் கிழமை வீட்டில் நின்றாள். அமா தன்னிடமிருந்த தாள்களை அவள் கையில் கொடுத்தாள். "நான் பாடமாக்கிப் போட்டன். விட்டால் எடுத்துக் குடு," என்றாள்.

சாமுவேலை ஜன்னலோரக் கதிரையில் இருத்தினேன். அமா எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். வேலையால் வந்த தாய், சப்பாத்தைக் கழற்றாமல், மூத்த மகனோடு கதைக்கும் இடம். அந்த மேற்குக் கரை டெனிஷ், இழுத்து இழுத்து, வசனத்தைப் பாதியில் விட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது அவருடைய குரல் போலவே இருந்தது. எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வருடமாகக் கேட்காத குரல்.

ஓரிடத்தில் அமா நின்றுவிட்டாள். கண்ணைத் திறந்தேன். சாமுவேல் இடக்கையை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"தண்ணி வேணுமாக்கும்," என்று நான் எழும்பினேன். தண்ணியைக் கொடுத்தேன். குடிக்கவில்லை. அமா அந்தப் பக்கத்தை முதலில் இருந்து தொடங்கினாள். மகனிடம் தாய் சொல்வது, பிள்ளைகளுக்குச் சோறு போடுவது, கதவுப் பக்கம் திரும்புவது. அதே இடத்துக்கு வந்ததும் கை திரும்ப எழும்பியது.

நயோமி தாளைப் பார்த்தாள். விரலை வைத்து வரியைத் தேடினாள். பிறகு தலையைத் தூக்காமலே, "நீங்கள் 'நான் போறன்' எண்டு சொன்னீங்கள். அப்பா எழுதினது 'நான் போகட்டோ' எண்டு," என்றாள்.

அமா மறுபடி கதவுப் பக்கம் திரும்பினாள். அந்த வரியைச் சரியாகச் சொன்னாள். அவர் கை மெல்ல இறங்கி மடியில் இருந்தது.

நயோமி தாள்களை நிலத்தில் போட்டுவிட்டு அவர் காலடியில் போய் இருந்தாள். அவர் முழங்காலில் முகத்தை வைத்து, "அப்பா," என்றாள். தமிழில் சொன்னாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷப்படத்தான் தோன்றியிருக்கவேண்டும். அமா அழுதுகொண்டு என்னைக் கட்டிப்பிடித்து, "அவர் உள்ளை இருக்கிறார், அக்கா, முழுசா இருக்கிறார்," என்றாள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதைத்தான் அவ்வளவு காலமும் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பாண் படத்தைக் காட்டிய ஒவ்வொரு நாளும், கழுத்துப்பட்டி கட்டிய மனிதர் கேள்வி கேட்ட நாளும், ஹென்றிக் முழங்காலில் நின்ற நாளும், அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நான் தொலைபேசியில் சரி என்று சொன்னபோதும் அவர் இதே கதிரையில்தான் இருந்தார்.

திங்கட்கிழமை ஹென்றிக்கிடம் சொன்னேன். எல்லாருக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது, படப்பிடிப்பை இனி நிறுத்த முடியாது என்றார். மாட்ஸ் எழுதியதை அனுப்புகிறேன், வாசித்துக் காட்டுங்கள், அவர் சொல்வதைத் திருத்துகிறோம் என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். ஆனால் சாமுவேல் எதைச் சொல்வார்?

தாள்கள் வந்தன. இப்போது பின்னேரங்களில் நான் அவருக்கு எதிரே இருந்து, என் உச்சரிப்பில், மாட்ஸ் எழுதிய இரண்டாம் பாகத்தை வாசிக்கிறேன். கை எழும்பும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். பிழை எங்கே என்று அவருக்குத் தெரிகிறது. சரி எது என்று சொல்ல அவரால் முடியவில்லை. எனக்கும் தெரியாது. மாட்ஸ் மாற்றி எழுதி அனுப்புகிறான், அதற்கும் எழும்புகிறது. தாள் முழுக்கப் பென்சில் கோடுகளாக இருக்கிறது.

நேற்று மூன்றாவது பக்கத்தோடு நிறுத்தினேன். "கை நோகும், சாம், காணும் இண்டைக்கு," என்று சொல்லித் தாள்களை மூடி வைத்தேன். எழும்பிப் போய்ச் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். அவர் கையை இன்னும் இறக்கவில்லை.